கல்லூரி வாசலில் சரிபாதி, வேலையில் 39 சதவீதம்: ஒரு எளிய கணித மாடல்

கணக்குப்பிள்ளை:

நண்பர்களுக்கு வணக்கம். "பட்டம் வாங்கும் பெண்களின் எண்ணிக்கை ஆண்களுக்குச் சமமாகிவிட்டது, இனி வேலையிலும் சமநிலை தானாக வந்துவிடும்" என்ற பேச்சு, கல்விக் கொள்கை பற்றிய எந்த விவாதத்திலும் வந்துவிடுகிறது. உயர்கல்விச் சேர்க்கையில் பெண்கள் ஆண்களை முந்திவிட்ட நாடுகள் இன்று ஏராளம். ஆனாலும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி, உலக அளவில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களே உழைப்புச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் 70 சதவீதத்துக்கு மேல். இடையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, இருப்பதிலேயே எளிமையான ஒரு மாடலை எழுதியிருக்கிறேன். ஓட்டை இருந்தால் காட்டுங்கள்.

படித்துத் திறன் பெற்றவர்களை இரண்டு தொட்டிகளாகப் பிரித்துக்கொள்வோம். வேலையில் இருப்பவர்கள் "வே". படிப்பு இருந்தும் வேலைக்கு வெளியே இருப்பவர்கள் "வெ". ஆண்டுதோறும் "ப" பேர் பட்டம் பெற்று முதல் தொட்டிக்குள் வருகிறார்கள். வேலையில் இருப்பவர்களில் ஆண்டுக்கு "வி" என்ற விகிதத்தில் விலகுகிறார்கள். வெளியே இருப்பவர்களில் "தி" என்ற விகிதத்தில் திரும்புகிறார்கள். இரண்டு தொட்டியிலிருந்தும் வயதாகி ஓய்வு பெறுவோர் "ஓ".

வே மாறும் வேகம் = ப + தி × வெ − (வி + ஓ) × வே

வெ மாறும் வேகம் = வி × வே − (தி + ஓ) × வெ

ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இதே ஜோடி. நீண்ட காலம் ஓடவிட்டு நிலைபெற்றபின், திறன் பெற்றவர்களில் வேலையில் இருப்போரின் பங்கு இப்படி வருகிறது:

(தி + ஓ) ÷ (தி + ஓ + வி)

இந்த விடையில் "ப" இல்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை பேர் படித்தார்கள் என்பது இந்தப் பங்கை மாற்றவே மாற்றாது.

எண் போட்டுப் பார்ப்போம். இவை எந்த நாட்டின் எண்களும் அல்ல, மாடலின் போக்கைப் பார்க்க நான் எடுத்துக்கொண்டவை. பணிக்காலம் சராசரி 40 ஆண்டு, ஆகவே ஓ = 0.025. திரும்பும் விகிதம் இருபாலருக்கும் 0.05. விலகும் விகிதம் ஆண்களுக்கு 0.005, பெண்களுக்கு 0.05. இப்போது படித்த ஆண்களில் 93.75 சதவீதம் வேலையில் இருப்பார்கள், படித்த பெண்களில் 60 சதவீதம். பட்டம் பெறுவோர் சரிபாதி என்று வைத்தாலும், திறன் பெற்ற உழைப்பாளரில் பெண்கள் 39 சதவீதம்தான். எத்தனை தலைமுறை காத்திருந்தாலும் அது 39-ஐத் தாண்டாது.

கல்வியை மட்டும் வைத்து 50-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால், 100 ஆண் பட்டதாரிகளுக்கு 156 பெண் பட்டதாரிகள் வேண்டும். பெண்களின் விலகலைப் பாதியாக்கினால் 44.4 சதவீதம் வருகிறது. அதை விட்டுவிட்டு, அவர்கள் திரும்பும் விகிதத்தை இரட்டிப்பாக்கினால் 43.2. இரண்டும் சேர்ந்தால் 47. விலகலைத் தடுப்பது கொஞ்சம் கூடுதலாகப் பலன் தருவதற்குக் காரணம் "ஓ": வெளியே போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பும் முன்பே ஓய்வு வயதைத் தொட்டுவிடுகிறார்கள்.

ஆய்வு_மாணவி:

அண்ணா, ஒரு சந்தேகம். தி = 0.05-ன்னா, வெளியே போனவங்க சராசரியா 1 ÷ (0.05 + 0.025), அதாவது 13 வருஷத்துக்கு மேல வெளியவே இருக்காங்கன்னு ஆகுது. இது ரொம்ப அதிகமாத் தெரியலையா? எனக்குத் தெரிஞ்ச பல பேர் ரெண்டு மூணு வருஷத்துல திரும்பி வந்திருக்காங்க.

கணக்குப்பிள்ளை:

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்த 13 ஆண்டு, இரண்டு விதமானவர்களைக் கலந்ததால் வரும் சராசரி. சீக்கிரம் திரும்புகிறவர்கள் ஒரு பக்கம், திரும்பவே திரும்பாதவர்கள் இன்னொரு பக்கம். ஒற்றை "தி" இந்த இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. வெளியே உள்ள தொட்டியை இரண்டாகப் பிரித்தால்தான் இது தெளிவாகும். இன்று இரவு அதையும் ஓட்டிப் பார்க்கிறேன்.

நேர்கோடு:

மாடல் சுத்தமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆட்சேபம்.

ஒன்று, "50 சதவீதம்" என்பதை இலக்காக யார் வைத்தது? சிலர் வேலைக்குப் போக வேண்டாம் என்று தாங்களாகவே முடிவெடுக்கிறார்கள். அதைச் சரிசெய்ய வேண்டிய பிழை மாதிரி "வி" என்று எழுதுவது, விருப்பத்தையும் தடையையும் ஒன்றாக்குவது.

இரண்டு, கல்வி இதில் வெறும் "ப" ஆக வந்து போகிறது. கல்வியின் முழு வேலையும் அதுதானா? பொருளாதார அறிஞர் ஜேக்கப் மின்சர் 1974-ல் எழுதிய ஊதியச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதியத்தின் மடக்கை (log), படித்த ஆண்டுகளையும் அனுபவத்தையும் பொறுத்து மாறும் ஒரு சார்பு (function) என்று எழுதினார். படிப்பு கூடினால் ஊதியம் கூடும். ஊதியம் கூடினால் வேலையை விடுவதில் இழப்பு அதிகம். ஆகவே "வி" குறைய வேண்டும். உங்கள் மாடலில் இளநிலைப் பட்டத்தோடு நின்றவரும் முனைவர் பட்டம் பெற்றவரும் ஒரே விகிதத்தில் விலகுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

இரண்டாவது ஆட்சேபம் முழுக்கச் சரி. "வி"-யைக் கல்வி நிலையின் சார்பாக எழுத வேண்டும், "தி"-யையும். ஆனால் அந்தச் சார்பு எல்லா இடத்திலும் ஒரே திசையில் போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிளாடியா கோல்டின் (2023-ல் பொருளாதார நோபல் பெற்றவர்) அமெரிக்காவின் இருநூறு ஆண்டு வரலாற்றை ஆராய்ந்து காட்டியதில் முக்கியமானது, திருமணமான பெண்களின் உழைப்புப் பங்கேற்பு முதலில் இறங்கி, பிறகு ஏறுகிறது என்பது. விவசாயத்திலிருந்து தொழிற்சாலைக்கு மாறிய காலத்தில் இறங்கியது. சேவைத் துறை வளர்ந்து, பெண்களின் படிப்பும் உயர்ந்த காலத்தில் ஏறியது. படிப்பு ஒன்றே போதுமென்றால் நாடுகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருக்கக் கூடாது. தென் கொரியாவில் இளம் வயதினரில் பட்டம் பெற்றோர் விகிதம் பெண்களிடமே அதிகம். ஆனால் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நாடுகளிலேயே ஆண் பெண் ஊதிய இடைவெளி மிக அதிகம் அங்கேதான், 30 சதவீதத்தை ஒட்டி. வயதுவாரியாக வரைந்தால் முப்பதுகளில் பெண்களின் பங்கேற்பு சரிந்து, நாற்பதுகளில் ஓரளவு மீள்வதும் அங்கே தெரியும். அந்தச் சரிவு "வி", மீட்சி "தி".

விருப்பமா தடையா என்ற கேள்வியை இந்த மாடல் தீர்க்காது. அதை எப்படிப் பிரிப்பது என்று யாராவது யோசனை சொன்னால் நல்லது.

வெண்பனி:

நான் கட்டடப் பொறியாளர். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டவள், பிறகு திரும்பியவள். இந்த "தி" பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

திரும்ப விண்ணப்பித்தபோது ஒரு நிறுவனத்தின் இணையப் படிவத்தில் "கடைசியாகப் பணியாற்றிய தேதி" என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தத் தேதிக்கும் அன்றைக்கும் இடையே இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தால் அடுத்த பக்கமே திறக்காது. என் பட்டம், நான் வடிவமைத்த பாலம், அதற்கு முந்தைய அனுபவம் எதையும் எழுதுகிற பக்கத்துக்கே போக முடியவில்லை. தேதியை மாற்றிப் போட்டால் திறக்கும். பொய் சொல்ல மனம் வரவில்லை, மூடிவிட்டேன். இதை மனிதர் யாரும் படித்துப் பார்த்து நிராகரிக்கவில்லை. யாரோ ஒருவர் ஒரு முறை எழுதி வைத்த விதி, அவ்வளவுதான்.

அதனால் திரும்பும் விகிதம் ஒரு மாறிலி அல்ல. வெளியே இருந்த காலம் நீள நீள அது சரிகிறது. சில இடங்களில் படிப்படியாகக்கூட இல்லை, ஒரே தேதியில் செங்குத்தாக விழுகிறது. நேர்கோடு சொன்ன "விருப்பம்" பற்றியும் ஒன்று: அந்த வருடம் என்னை யாராவது கணக்கெடுத்திருந்தால் "வீட்டுப் பொறுப்பில் இருக்கிறார்" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:

வெண்பனி சொன்னதைச் சமன்பாட்டில் வைத்தேன். வெளியே உள்ளவர்களை இரண்டாகப் பிரித்தேன். முதல் கட்டம் சராசரி 3 ஆண்டு. அங்கே திரும்பும் விகிதம் 0.20. அதற்குள் திரும்பாதவர்கள் இரண்டாம் கட்டத்துக்குப் போகிறார்கள். அங்கே வெறும் 0.02. விலகல் 0.05, ஓய்வு 0.025 பழையபடியே.

நிலைபெற்றபின் படித்த பெண்களில் 57 சதவீதம் வேலையில். பழைய 60-க்கு அருகில்தான். ஆனால் உள்ளே பார்த்தால், வெளியே இருப்பவர்களில் 88 சதவீதம் பேர் இரண்டாம் கட்டத்தில் தேங்கிக் கிடக்கிறார்கள். முதல் கட்டத்தின் திரும்பும் விகிதத்தை 0.20-லிருந்து 0.40 ஆக்கினால் 57 என்பது 64.3 ஆகிறது. முதல் கட்டத்தை அப்படியே விட்டு, இரண்டாம் கட்டத்தின் 0.02-ஐ 0.04 ஆக்கினால் 64.6. கிட்டத்தட்ட ஒன்றேதான்! நூற்றுக்கு 20 பேரை 40 ஆக்குவதும், நூற்றுக்கு 2 பேரை 4 ஆக்குவதும் ஒரே பலன் தருகின்றன, ஏனென்றால் ஆட்கள் பெரும்பாலும் இருப்பது இரண்டாம் கட்டத்தில்தான். கதவு திறந்திருக்கும் காலத்தை, அதாவது முதல் கட்டத்தை, 3-லிருந்து 6 ஆண்டாக நீட்டினால் 62.5. ஆட்களின் மனதையோ சம்பளத்தையோ தொடாமல், படிவத்தில் உள்ள ஒரு எண்ணை மாற்றினால் கிடைப்பது இது.

மறுபயிற்சித் திட்டம் வைத்திருக்கும் நாடுகள் பெரும்பாலும் முதல் கட்டத்தினரைத்தான் குறிவைக்கின்றன என்பது என் எண்ணம். இரண்டாம் கட்டத்தினர் எண்ணிக்கையில் எவ்வளவு பெரியவர்கள் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

புள்ளியியல்காரன்:

கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை என்று நான் சொல்கிறேன், இந்தத் தரவோடுதான் எனக்குப் பிழைப்பு.

உழைப்பு பற்றிய வீட்டு ஆய்வுகளின் முதல் கேள்வியே "கடந்த 7 நாட்களில் ஊதியத்துக்காகவோ லாபத்துக்காகவோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?" என்பதுதான். பன்னாட்டு வரையறை அது. இல்லை என்றால் வேலை தேடினீர்களா, கிடைத்தால் போகத் தயாரா என்று அடுத்த கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் "உழைப்புப் படையில் இல்லாதவர்" என்று ஒரு குறியீடு விழும். ஆறு மாதத்துக்கு முன் வேலையை விட்ட பொறியாளருக்கும், இருபது வருடமாக வெளியே இருப்பவருக்கும், வேலைக்கே போகாதவருக்கும் அதே குறியீடு. அதாவது நாம் அளப்பது தொட்டியின் மட்டத்தை. குழாய்களில் ஓடுவதை அளப்பதில்லை.

மட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கணக்குப்பிள்ளையின் முதல் மாடலையே எடுங்கள். வி = 0.05, தி = 0.05 என்றால் 60 சதவீதம். வி = 0.10, தி = 0.125 என்றாலும் 60 சதவீதம். முதல் நாட்டில் பெண்கள் மெதுவாக விலகி, மெதுவாகத் திரும்புகிறார்கள். இரண்டாவதில் அடிக்கடி விலகி, சீக்கிரம் திரும்புகிறார்கள். ஒரு வருட ஆய்வைப் பார்த்தால் இரண்டு நாடும் ஒன்று போலவே இருக்கும்.

பிரிக்க ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு அதிர்ச்சி வந்து எண் சரிந்தபின் அது எவ்வளவு வேகத்தில் மீள்கிறது என்று பார்க்க வேண்டும். மீளும் வேகம் வி + தி + ஓ. முதல் நாட்டில் 0.125, அதாவது 8 ஆண்டு. இரண்டாவதில் 0.25, அதாவது 4 ஆண்டு. அல்லது ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் தொடர் ஆய்வு வேண்டும்.

நேர்கோடு மின்சரை எடுத்ததால் இன்னொன்று. பெண்களுக்கு ஒரு கூடுதல் ஆண்டுப் படிப்பால் ஊதியம் எவ்வளவு கூடுகிறது என்று மதிப்பிடும்போது, வேலையில் இருக்கும் பெண்களின் ஊதியம் மட்டும்தான் நம் கையில் இருக்கும். நல்ல ஊதியம் கிடைக்காததாலேயே வெளியே இருப்பவர்கள் அந்தத் தரவில் கிடையாது. ஜேம்ஸ் ஹெக்மன் 1979-ல் இதற்கொரு திருத்த முறை கொடுத்தார், 2000-ல் நோபல் கிடைத்ததும் இந்த வகை வேலைக்குத்தான். யார் வேலையில் இருக்கிறார்கள் என்பதற்கு முதலில் ஒரு சமன்பாடு, பிறகுதான் ஊதியச் சமன்பாடு. இந்தத் திருத்தம் இல்லாமல் "கல்வியின் பலன் பெண்களுக்கு இவ்வளவு" என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

பழைய வாத்தியார்:

இளையவர்கள் பேசுவதைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. கொஞ்சம் வரலாறு சேர்க்கிறேன்.

திறன் பெற்ற ஆட்கள் இத்தனை ஆண்டில் இத்தனை பேர் வேண்டும், அதற்கு இன்று எத்தனை மாணவரைச் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போடும் முயற்சி 1960-களில் பெரிதாக நடந்தது. பொருளாதார அறிஞர்கள் யான் டின்பர்கனும் ஹெண்ட்ரிகஸ் போஸும் கல்விக்கான வளர்ச்சிச் சமன்பாடுகளை எழுதினார்கள். ஓஇசிடி அமைப்பு கிரேக்கம், இத்தாலி, போர்ச்சுகல், ஸ்பெயின், துருக்கி, யுகோஸ்லாவியா ஆகிய ஆறு நாடுகளுக்கு மத்தியதரைக் கடல் வட்டாரத் திட்டம் என்ற பெயரில் இப்படிக் கணித்தது. "இவ்வளவு உற்பத்திக்கு இத்தனை பொறியாளர்" என்று நிலையான விகிதங்களை வைத்ததுதான் அம்முறையின் பலவீனம். தொழில்நுட்பமும் ஊதியமும் மாறினால் அந்த விகிதம் மாறிவிடும். பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமன் அமெரிக்கப் பொறியியல் மாணவர்களை வைத்துக் காட்டியதும் இதை ஒட்டியதுதான்: இன்றைய ஊதியத்தைப் பார்த்து மாணவர் சேர்கிறார்கள், நான்கு ஆண்டு கழித்து எல்லோரும் ஒன்றாக வெளியே வருகிறார்கள், ஊதியம் விழுகிறது, அடுத்த அணி சேராமல் போகிறது. விளைவே திரும்பி வந்து காரணத்தை மாற்றும் பின்னூட்டச் சுற்று எதிலும், தாமதம் இருந்தால் அலைவு வரும்.

இப்போது நான் சொல்ல வந்தது. உங்கள் மாடலில் "ப" எங்கிருந்தோ வானத்திலிருந்து வருகிறது. பட்டதாரிகளை உருவாக்குபவர் யார்? ஆசிரியர். ஆசிரியர் எங்கிருந்து வருகிறார்? அதே முதல் தொட்டியிலிருந்து. இந்தச் சுற்றை மூடாமல் கல்வியைப் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

தொற்றுநோய்க் கணிதத்தில் இனப்பெருக்க எண் என்று ஒன்று உண்டு, ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார் என்பது. 1-க்கு மேல் என்றால் பரவும், கீழே என்றால் அடங்கும். ஆசிரியருக்கும் அதையே எழுதலாம். ஒரு ஆசிரியர் ஆண்டுக்குச் சராசரி 2 பேரைத் திறன் பெற்றவராக ஆக்குகிறார் என்று கொள்வோம். அவர்களில் நூற்றுக்கு 2 பேர் ஆசிரியப் பணிக்கு வருகிறார்கள். பணிக்காலம் 40 ஆண்டு. பெருக்கினால் 2 × 0.02 × 40 = 1.6. ஒவ்வொரு ஆசிரியரும் தனக்குப் பின் 1.6 ஆசிரியரை விட்டுச் செல்கிறார், அமைப்பு வளர்கிறது.

இந்த இடத்தில் கணக்குப்பிள்ளையின் 60 சதவீதத்தைக் கொண்டுவாருங்கள். உலக அளவில் தொடக்கப் பள்ளி ஆசிரியரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். ஒரு நாட்டில் ஆசிரியர் எல்லோரும் பெண்கள் என்று வைத்து, 40 ஆண்டில் அவர்கள் 60 சதவீதம், அதாவது 24 ஆண்டுதான் பணியில் இருக்க முடிகிறது என்றால், 1.6 என்பது 0.96 ஆகிறது. 1-க்குக் கீழே! பெண்கள் வேலையில் நீடிக்க முடியாத நாடு, தன் அடுத்த தலைமுறையைப் படிக்கவைக்கும் திறனையே இழக்கிறது. பாலினச் சமநிலை ஒரு பக்கம், திறன் பெற்ற உழைப்பாளர் எண்ணிக்கை இன்னொரு பக்கம் என்று இரண்டு தலைப்பாக இதைப் பேச முடியாது. ஒரே பெருக்கலில் இரண்டும் இருக்கின்றன.

ஆய்வு_மாணவி:

வாத்தியார் ஐயா, இந்த 0.96-ஐப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

நான் வேற ஒண்ணு ஓட்டிப் பார்த்தேன். மாடல்ல ஓய்வு "ஓ" விகிதத்துல நடக்குது. அப்படின்னா நேத்து வேலைக்குச் சேர்ந்தவங்களும் இன்னைக்கு ஓய்வு பெறலாம், 90 வருஷம் வேலை பார்க்கறவங்களும் இருப்பாங்க. நிஜத்துல எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வயசுல போறாங்க. இதனால விடை எவ்வளவு மாறுதுன்னு பார்த்தேன். விலகல் எதுவும் இல்லைன்னு வெச்சுக்கிட்டேன். இதுவரைக்கும் புதுசா வர்றவங்கள்ல பெண்கள் 30 சதவீதம், இன்னைல இருந்து திடீர்னு 50 சதவீதம்.

விகித முறையில 10 வருஷம் கழிச்சு மொத்த உழைப்பாளர்ல பெண்கள் 34.4 சதவீதம், 20 வருஷத்துல 37.9, 40 வருஷத்துல 42.6. எல்லாரும் சரியா 40 வருஷம் வேலை செஞ்சு போறாங்கன்னு வெச்சா 10 வருஷத்துல 35, 20-ல 40, 40-ல சரியா 50. முதல் பத்து வருஷத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதுக்கப்புறம் விகித முறை ரொம்பப் பின்தங்குது. அதனால நீண்ட காலக் கணிப்புன்னா வயசையும் சேர்த்தே ஆகணும். இல்லைன்னா ஒரே தொட்டியை அடுத்தடுத்து பல சின்னத் தொட்டிகளாப் பிரிக்கலாம், அப்பவும் நிஜத்துக்குப் பக்கத்துல வந்துடும்.

எந்த முறையில பார்த்தாலும் முதல் 10 வருஷத்துல கூடுறது அஞ்சு புள்ளிக்கு மேல இல்லை. இது என்னைக் கவலைப்பட வைக்குது. ஒரு அரசு நல்ல திட்டம் கொண்டுவந்து, அடுத்த தேர்தல்ல "ஒண்ணும் மாறலையே"ன்னு நிறுத்திடுவாங்க.

கணக்குப்பிள்ளை:

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த இழையிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

ஒரு துறையில் பெண்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது, அந்தத் துறைக்குப் படிக்க வரும் பெண்களின் எண்ணிக்கையையும் தீர்மானிக்கிறது. மிகக் குறைவாக இருந்தால் யாரும் துணிந்து வருவதில்லை. ஓரளவு கூடினால் வரத்து வேகமாக ஏறுகிறது. பிறகு தட்டையாகிறது. இப்படி வளைந்த சார்பாக எழுதினால் மூன்று சமநிலைப் புள்ளிகள், அதாவது பங்கு மாறாமல் நிற்கும் இடங்கள், வரலாம். எடுத்துக்காட்டாக 15, 30, 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 15-ம் 45-ம் நிலையானவை. 30 நிலையற்றது: அதற்குக் கீழே இருந்தால் 15-க்குச் சரியும், மேலே இருந்தால் 45-க்கு ஏறும்.

15 சதவீதத்தில் நிற்கும் ஒரு துறையில், புதிதாக எடுப்பவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று ஒதுக்கீடு கொண்டுவருகிறார்கள். ஓ = 0.025-தான். 10 ஆண்டில் மொத்தப் பங்கு 22.7 ஆகிறது. அங்கே ஒதுக்கீட்டை நிறுத்தினால் 30-க்குக் கீழே இருப்பதால் மெல்ல மெல்ல மறுபடி 15-க்கே போய்விடும். எல்லோரும் "ஒதுக்கீடு தோற்றுவிட்டது" என்பார்கள். அதே ஒதுக்கீட்டை 25 ஆண்டு வைத்திருந்தால் 31.3 ஆகிறது. இப்போது நிறுத்தினாலும் தானாகவே 45-ஐ நோக்கி ஏறும். ஒரே திட்டம்தான். இடையே உள்ள எல்லைக் கோடு ஏறத்தாழ 22 ஆண்டில் கடக்கப்படுகிறது.

நேர்கோடு:

அந்த 30 எங்கே இருக்கிறது என்று எந்தத் தரவிலிருந்து கண்டுபிடிப்பீர்கள்? வளைவின் வடிவத்தை நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டு, அதிலிருந்து கொள்கை சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நிலையற்ற புள்ளியில் எந்த நாடும் நிற்காது, ஆகவே அதைத் தரவில் நேரில் பார்க்கவே முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பங்கு, விகிதம் என்று மட்டும் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. யுனெஸ்கோவின் பாலினச் சமநிலைக் குறியீடு பெண்களின் சேர்க்கை விகிதத்தை ஆண்களின் விகிதத்தால் வகுப்பது. 0.97-லிருந்து 1.03 வரை இருந்தால் சமநிலை. பெண்கள் கூடாமல், ஆண் பிள்ளைகள் படிப்பை விட்டு ஓடினாலும் அந்த எண் 1-ஐத் தொடும். எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். "ப"-வும் நிலையாக இருக்காது. தென் கொரியாவில் 2023-ல் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள், 0.72. அங்கே இருபது ஆண்டு கழித்துக் கல்லூரிக்கு வர ஆள் எங்கே?

கணக்குப்பிள்ளை:

புள்ளியைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அப்படியொரு புள்ளி இருக்க வாய்ப்பு உண்டு என்றாலே, பத்தாண்டு முடிவை வைத்து ஒரு திட்டத்தைத் தோல்வி என்று எழுதக் கூடாது என்பதற்கு அது போதும். குறைந்தது, திட்டம் நின்றபின் புதிதாக வருவோரில் பெண்கள் எத்தனை பேர் என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். அது மொத்தப் பங்கைவிடக் கூடுதலாக இருந்தால் ஏறிக்கொண்டிருக்கிறோம், குறைவாக இருந்தால் இறங்கிக்கொண்டிருக்கிறோம். இதற்கு வளைவின் வடிவம் தெரிய வேண்டியதில்லை.

பிறப்பு விகிதம் பற்றிச் சொன்னது சரி. வியன்னா அருகே லாக்சன்பர்க்கில் உள்ள ஐயாசா (IIASA) ஆய்வு நிறுவனத்தில் வுல்ஃப்காங் லுட்ஸ் குழுவினர் மக்கள்தொகையை வயது, பால், கல்வி மூன்றாலும் பிரித்துக் கணிப்பது இதற்காகத்தான். படித்த பெண்கள் பெறும் குழந்தைகள் குறைவு, அந்தக் குழந்தைகள் படிக்கும் வாய்ப்போ அதிகம். இரண்டையும் ஒன்றாக வைத்தால்தான் விடை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும்.

புள்ளியியல்காரன்:

விருப்பமா தடையா என்று முதலில் கேட்டீர்களே, அதை அளக்கலாம் என்று நினைக்கிறேன். திரும்பும் விகிதத்தை இரண்டாக உடையுங்கள்: ஆண்டில் எத்தனை பேர் திரும்ப முயல்கிறார்கள் × முயன்றவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது. 0.05 என்பது 0.10 × 0.5 ஆகவும் இருக்கலாம், 0.5 × 0.1 ஆகவும் இருக்கலாம். முதல் நாட்டில் பத்தில் ஒருவர்தான் முயல்கிறார், பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. இரண்டாவதில் பாதிப் பேர் முயல்கிறார்கள், பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. ஆய்வுப் படிவத்தில் மூன்று கேள்வி சேர்த்தால் போதும்: கடைசியாக எந்த மாதம், எந்த ஆண்டு வேலையில் இருந்தீர்கள், கடந்த 12 மாதத்தில் எங்காவது விண்ணப்பித்தீர்களா, என்ன ஆயிற்று.

நேர்கோடு:

இது எனக்குச் சம்மதம். முயல்வதே குறைவு என்று வந்தால் நான் சொன்னது நிற்கும். கிடைப்பது குறைவு என்று வந்தால் நான் பின்வாங்குகிறேன்.

வெண்பனி:

அவ்வளவு எளிதாகப் பிரிந்துவிடாது. எனக்கு முன்னால் விண்ணப்பித்த தோழி அதே பக்கத்தில் நின்றதைப் பார்த்தபின், அவளுடைய தங்கை விண்ணப்பிக்கவே இல்லை. உங்கள் படிவத்தில் அவள் "முயலாதவர்". கிடைக்கும் வாய்ப்பு குறைந்தால் முயற்சியும் குறையும். இரண்டும் தனித்தனி எண்கள் அல்ல.

நான்காவதாக ஒரு கேள்வி சேருங்கள்: "விண்ணப்பிக்காததற்குக் காரணம் என்ன?" அதில் "கிடைக்காது என்று தெரியும்" என்பதற்கு ஒரு தனிக் கட்டம் இருக்கட்டும்.

புள்ளியியல்காரன்:

சேர்க்கலாம். மனம் தளர்ந்த வேலை தேடுவோர் என்று இதற்கு ஒரு வகையே உண்டு. பல ஆய்வுகளில் கேட்கவும் செய்கிறார்கள். ஆனால் வெளியே இருந்த காலத்தோடும் படிப்போடும் சேர்த்து அட்டவணை போடுவதில்லை. காலத்தை 1 ஆண்டுக்குள், 1 முதல் 3, 3 முதல் 6, 6-க்கு மேல் என்று நான்காகப் பிரித்தால் மாடலுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

ஆய்வு_மாணவி:

அப்போ நான் நாலு கட்டமாப் பிரிச்ச மாடலை எழுதறேன், முயற்சியைக் கிடைக்கும் வாய்ப்போட சார்பா வெச்சு. வாத்தியார் ஐயாவோட ஆசிரியர் சுற்றையும் அதுலயே மூடிடறேன். நிரலை இதே இழையில போடறேன். எண்களை மாத்திப் பார்க்கணும்னா யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.